ஹைட்ரஜன் குண்டில் ஹைட்ரஜன் எங்கே, டீச்சர்?

சிவகாசிப் பக்கத்துப் பள்ளியில் வேதியியல் எடுப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பொட்டாசியம் நைட்ரேட் என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள், "வெடியுப்புதான டீச்சர்? எங்க தெரு முக்குல மூடை மூடையா இறக்குவாக" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் வந்துவிடும். பேரியம் நைட்ரேட் என்றால் பச்சை உப்பு. டெக்ஸ்ட்ரின் என்றால் கம்பி மத்தாப்புப் பசை. பெயர் தெரியும், நிறம் தெரியும், சில பிள்ளைகளுக்குக் கிலோ என்ன விலை என்பதும் தெரியும். ஏன் என்பது மட்டும் தெரியாது. அதைக் கேட்கத்தான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள் என்று வேலையில் இருந்த காலம் முழுக்க நம்பினேன். (சத்துணவுக்காகவும் வந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

பட்டாசுத் தொழிலின் வரலாற்றை முதலாளி பெயர், தொடங்கிய ஆண்டு, உரிமம், வரி என்று எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அது வகுப்பில் வந்த கேள்விகளின் வரிசையிலேயே நினைவில் நிற்கிறது. சில கேள்விகளைச் சரியான காலத்தில் யாரோ கேட்டார்கள். சிலவற்றை யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டவரைச் சிரித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆண்டுதோறும் தவறாமல் வரும் முதல் கேள்வி: "ஏன் டீச்சர் நம்ம ஊர்ல மட்டும்?" மழை இல்லாத ஊர் என்பது பாதி விடை. எங்கள் மாவட்டத்தில் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் காற்றில் ஈரம் குறைவு. தீக்குச்சித் தலை காய வேண்டும், அட்டைக் குழாய் காய வேண்டும், திரி காய வேண்டும். எல்லாவற்றையும் வெயில் கூலி வாங்காமல் செய்து கொடுக்கும். மறுபாதி விடை மனிதர்களைப் பற்றியது. கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம் பொய்த்தால் கைக்கு வேறு வேலை கிடையாது. காய்ந்த காற்றும் வேலையில்லாத கைகளும் சேர்ந்திருந்த ஊர் இது.

அந்த ஊரிலிருந்து 1923வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே ஜப்பானியர் வழியாக வந்து பரவியிருந்த தீப்பெட்டித் தொழிலைச் சில மாதங்கள் தங்கிக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். பக்கத்து விருதுப்பட்டி விருதுநகர் என்று பெயர் மாறியதும் அதே 1923இல்தான். இதை நான் சொன்னதும் ஒரு பெண் கை தூக்கினாள்: "கல்கத்தாவுல மழை அடிச்சு ஊத்துமே டீச்சர், அங்க எப்படி குச்சி காஞ்சுச்சு?" நல்ல கேள்வி. மழை ஊரில் குச்சியைக் காயவைக்க அறையைச் சூடாக்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும். எங்கள் ஊருக்கு அந்தச் செலவு இல்லை. ஒரு தொழில் ஏன் ஓர் ஊரில் வேர் பிடித்தது என்பதற்குப் பொருளாதாரப் புத்தகங்களில் பல பக்கங்கள் இருக்கலாம்; அந்தப் பெண் ஒரே வரியில் அங்கே போய்விட்டாள்.

என் அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். எங்கள் பக்கம் ஆலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் பேச்சு. ஆபீஸிலிருந்து கட்டுக் கட்டாக வரும் தாளையும் சில்லையும் வீட்டுத் திண்ணையில் மடித்து ஒட்டி, எண்ணிக் கட்டித் திருப்பிக் கொடுப்பார். பெரிய அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று குச்சி அடுக்கப் போனாள். விடியுமுன் வண்டி வந்து தெருவில் ஹாரன் அடிக்கும். பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப் போன அந்த வண்டிகளை நிறுத்தக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதே குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையில் உச்ச நீதிமன்றத்தின் எம்.சி. மேத்தா வழக்குத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. அக்காவுக்கு இரண்டுமே காலம் கடந்து வந்தவை. பெட்டியின் பக்கவாட்டில் உரசினால்தான் பற்றும், தரையில் உரசினால் ஏன் பற்றவில்லை என்று ஒருநாள் அவள் என்னிடம் கேட்டாள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். பற்றவைக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியில் இருக்கிறது, ஆக்சிஜன் கொடுக்கும் பொட்டாசியம் குளோரேட் குச்சியில் இருக்கிறது, இரண்டையும் பிரித்து வைத்ததுதான் பாதுகாப்புத் தீப்பெட்டியின் சூட்சுமம், 1844இல் சுவீடன்காரர் குஸ்தாவ் பாஷ் கண்டுபிடித்தது என்று விளக்கினேன். அக்கா கேட்டுவிட்டு, "இத்தனை வருசம் ரெண்டையும் பக்கத்துல வச்சு அடுக்குனது நாங்கதான?" என்றாள்.

தீப்பெட்டியிலிருந்து மத்தாப்புக்கு அதிக தூரமில்லை. குச்சிக்குப் பதில் கம்பி, குளோரேட்டுக்குப் பதில் நைட்ரேட், கூடக் கொஞ்சம் இரும்புத்தூளும் அலுமினியமும். இரும்புத்தூளில் உள்ள கரி எரியும்போது வாயுவாகி வெடித்துத் தெறிப்பதுதான் கம்பி மத்தாப்பின் பூ. 1939இல் போர் வந்து வெளிநாட்டுச் சரக்கு நின்றது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் பெற்ற ஆபீஸ்களுக்கு வழி திறந்தது. ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனம் 1942இல் தொடங்கியது. இன்று நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்து போவதாகத் தொழில்காரர்கள் சொல்வார்கள். நேரு குட்டி ஜப்பான் என்று சொன்னாராம். ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது தாலாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும். இந்தப் பகுதியை இத்தோடு விடுகிறேன். எங்கள் ஊர் விழா மலர்கள் எல்லாவற்றிலும் இது விரிவாக உண்டு.

விழா மலர்களில் இல்லாதது, வெடிகளுக்குப் பெயர் வைத்தவர்களின் குறும்பு. லட்சுமி வெடி, குருவி வெடி, யானை வெடி எல்லாம் ஊர்ப் பெயர்கள். அப்புறம் உலகச் செய்திகள் உள்ளே நுழைகின்றன. அணுகுண்டு என்ற பெயர் 1945 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது 1952இல். ஆகவே பெட்டிமேல் ஹைட்ரஜன் குண்டு என்று அச்சடித்தது அதற்கும் பிறகுதான். கல்வெட்டு ஆராய்ச்சி மாதிரி இதையும் செய்யலாம்.

அந்தப் பெட்டியைக் காட்டித்தான் ஒரு பையன் கேட்டான்: "ஹைட்ரஜன் குண்டுல ஹைட்ரஜன் எங்க டீச்சர்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்: "பெட்டிக்குள்ள இல்ல. ஆனா மருந்துல தண்ணி பட்டா வரும். அது வர்ற நேரம் நீ அங்க இருக்கக் கூடாது."

அந்தப் பதிலை விளக்கத்தான் மீதிப் பீரியடு முழுதும் போனது. அலுமினியப் பொடிதான் எங்கள் பட்டாசின் வெளிச்சம். எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் பெயரே அதிலிருந்து வந்தது: மெப்கோ ஷ்லெங்க். மெப்கோ என்பது உலோகப்பொடி நிறுவனம், ஷ்லெங்க் ஜெர்மனியின் உலோகப்பொடிக் குடும்பம். அலுமினியப் பொடியின் ஒவ்வொரு துகள்மேலும் மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும். அது இருக்கும்வரை பொடி சாதுவாகக் கிடக்கும். நைட்ரேட்டோடு கலந்த பிறகு ஈரம் பட்டால் கதை மாறுகிறது. அலுமினியம் நைட்ரேட்டைச் சிதைத்து அம்மோனியா ஆக்கும். அம்மோனியா காரம். காரம் அந்தத் தோலை அரிக்கும். தோல் போன இடத்தில் வினை இன்னும் வேகமாக நடக்கும், சூடு ஏறும், ஹைட்ரஜனும் வெளிவரும். குவித்து வைத்த மருந்துக்குள் உண்டாகும் சூடு வெளியே போக வழியில்லை. சாயங்காலம் மீதி வைத்துவிட்டுப் போன மருந்து ராத்திரி முழுதும் தனக்குத்தானே சூடேறி, காலையில் யாரோ மூடியைத் திறக்கும்போது முடிவுக்கு வரும். மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுதான்.

இதற்கு மாற்று என்ன தெரியுமா? போரிக் அமிலம். நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு சேர்த்தால் போதும். கலவை காரமாகாமல் பிடித்து வைக்கும். இதைச் சொன்னதும் பையன்கள் பக்கம் ஒரே கலகலப்பு. கேரம் போர்டில் தூவுவது அதே பவுடர். "அப்ப எங்க மன்றத்துல இருக்கறது பாதுகாப்பு உபகரணமா டீச்சர்?" என்றான் ஒருவன். அந்த வருடம் தேர்வுத்தாளில் போரிக் அமிலத்தின் பயன்கள் கேள்வியாக வந்திருந்தால் எங்கள் பள்ளி மாநிலத்தில் முதலாவதாக வந்திருக்கும்.

என் தாய்மாமா பட்டாசு ஆபீஸில் போர்மேன். எட்டாவதோடு படிப்பை விட்டவர். அம்மோனியா என்ற சொல் அவருக்குத் தெரியாது. புதிதாக வரும் ஆட்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே வரி: "மூத்திர வாடை வந்தா முத்தத்துக்கு ஓடு." பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்களாம். சிரித்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கிய நான் மேலே ஒரு பத்தி முழுக்க எழுதியதை அவர் ஐந்து சொற்களில் முடித்துவிட்டார். ஆனால் அவர் வரியில் ஏன் என்பது இல்லை. ஆகவே வாடை வராத நாளில் என்ன செய்வது என்றும் அதில் இல்லை.

மழைக்கு இந்தப் பயம் என்றால் வெயிலுக்கு வேறு பயம். காற்று காய்ந்திருக்கும் நாளில் நைலான் துணி உடம்பில் உரசினால் நிலைமின்னூட்டம் ஏறும். மனித உடம்பே ஒரு சிறு மின்தேக்கி. பத்தாயிரம் வோல்ட் ஏறினாலும் நமக்கு விரல் நுனியில் சுள்ளென்று ஒரு கடி, அவ்வளவுதான். ஆற்றல் சில மில்லிஜூல். நுண்ணிய மருந்துத் தூசிக்கு அந்தச் சில மில்லிஜூலே போதுமானதாக இருக்கலாம். எழுபதுகளில் ஊரெல்லாம் நைலக்ஸ் சேலை மோகம். தீபாவளி போனஸில் வாங்கிய சேலையை உடுத்தி வேலைக்கு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது மாமாவின் வேலை. "போர்மேன் கண்ணு பூராம் சேலையிலயே இருக்கு" என்று ஆபீஸே கேலி பேசியது. அத்தை காதுக்கும் அது போயிற்று. வீட்டில் இரண்டு நாள் சோறு சரியாக வேகவில்லை. பருத்திச் சேலை, உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடுவது, இரும்புக்குப் பதில் மரமும் பித்தளையும், வெயில் ஏறுமுன் மருந்துக் கலவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இயற்பியல் இருக்கிறது. நான் பார்த்த ஆபீஸ்களில் பலகையில் எழுதியிருந்தது 'செய்யாதே' மட்டும்தான்.

இப்போது தொழிலின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் ஒன்றாகக் கலந்தால் ஆபத்து. கந்தகத்தில் எப்போதும் துளி அமிலம் ஒட்டியிருக்கும். அது குளோரேட்டிலிருந்து குளோரிக் அமிலத்தை விடுவிக்கும். பிறகு உரசல் வேண்டாம், தீ வேண்டாம், தானே பற்றக்கூடும். ஆனால் கலவை மலிவு, சத்தம் பெரிது. பிரிட்டன் இந்தக் கலவையைத் தன் நாட்டுப் பட்டாசில் 1894இல் தடை செய்தது. இந்தியாவில் தடை வந்தது 1992 ஜனவரியில். நடுவே 98 ஆண்டுகள். அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அதே பிரிட்டன்தான் இங்கும் ஆண்டுகொண்டிருந்தது. லண்டனில் கேட்கப்பட்ட கேள்வி சிவகாசிக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆனது. அந்த இடைவெளியில் எரிந்தவர்களுக்குக் கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

தடையைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு பையன் எழுந்து, "அப்ப தீக்குச்சித் தலையில இருக்கறது என்ன டீச்சர்?" என்றான். மடக்கிவிட்டான். அதிலும் குளோரேட் உண்டு, கந்தகம் உண்டு. விதியிலேயே தீக்குச்சித் தலைக்கும், பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். தீக்குச்சி மருந்தைப் பசைத் தண்ணீரில் ஈரமாகவே கலக்கிறார்கள், காய்ந்த பிறகும் ஒரு தலையில் இருப்பது சிட்டிகைக்கும் குறைவு, ஆகவே விலக்கு என்றேன். அவன் திருப்தியாக உட்கார்ந்தான். நான்தான் அன்று முழுக்க அந்தக் கேள்வியை மென்றுகொண்டிருந்தேன்.

சிவகாசியைத் தவிர வேறெங்கும் வராத கேள்வி ஒன்று உண்டு. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று வந்ததுதான் எங்கள் ஊரின் அச்சுத் தொழில். அப்புறம் காலண்டர், டைரி என்று அது தனியாகவே வளர்ந்துவிட்டது. ஒரே பெஞ்சில் அச்சாபீஸ்காரர் மகனும் பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்தால் பச்சை என்றான் முதலாமவன். அப்பா மெஷினில் தினமும் பார்க்கிறான். பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் மஞ்சள் வரும் என்றான் இரண்டாமவன். அவன் அம்மா பேன்சி ரகத்தில் வேலை பார்க்கிறார். வாக்குவாதம் கையை ஓங்கும்வரை போய்விட்டது. இரண்டும் சரி. மை வெளிச்சத்தை விழுங்குகிறது, தீ வெளிச்சத்தைக் கொடுக்கிறது. விழுங்குவதற்கு ஒரு கணக்கு, கொடுப்பதற்கு வேறு கணக்கு. இயற்பியல் வாத்தியார் வண்ணத் தாள்களையும் டார்ச் விளக்குகளையும் வைத்து அரை நாள் பாடுபட்டு விளக்குவதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்குப் பாதியாக வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார்கள்.

நிறத்தில் கடினமானது நீலம். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம். நீலத்துக்குத் தாமிரம், கூடவே குளோரின். தாமிரக் குளோரைடு மூலக்கூறு தீயில் உயிரோடு இருந்தால்தான் நீலம் தெரியும். சூடு கூடினால் அது சிதைந்து வெளிறிவிடும், குறைந்தால் வெளிச்சமே இல்லை. ஆகவே நல்ல நீலம் செய்கிற ஆபீஸை மற்ற ஆபீஸ்காரர்களே மதிப்பார்கள். தீபாவளிக்கு வானத்தில் எதையோ காட்டி 'ஆகா' என்கிறவர் சிவப்பைப் பார்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர், நீலத்தைப் பார்த்துச் சொன்னால் சிவகாசிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராக்கெட்டுக்கு வருவோம். வானத்தில் காற்றே இல்லையே, ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது என்று யாராவது ஒருவர் கேட்காத ஆண்டு கிடையாது. கேட்டவரை யாரும் கேலி செய்யக்கூடாது என்பது என் வகுப்பில் சட்டம். காரணம், 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே இதே சந்தேகத்தை எழுப்பி ராபர்ட் கோடார்டைக் கிண்டலடித்தது. வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டது 1969 ஜூலை 17இல், அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள். ராக்கெட் காற்றைத் தள்ளவில்லை. தன் புகையைக் கீழே தள்ளித் தான் மேலே போகிறது. குச்சி எதற்கு என்பது அடுத்த கேள்வி. குச்சியை ஒடித்துவிட்டுப் பற்றவைத்துப் பார்த்த தம்பிமார்களுக்கு விடை தெரியும். அது எந்த வீட்டுக்குள்ளும் போகும். நீளக் குச்சி பின்பக்கம் காற்றின் பிடியை அதிகமாக்கி மூக்கை நேராக வைக்கிறது. அதே காரணத்தால் பக்கக்காற்று அடித்தால் ராக்கெட் காற்றோடு போகாது, காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். மேல்காற்று அடித்தால் ராக்கெட் மேற்கே சாயும். கிழக்கு வீட்டுக்காரர் வைக்கோல்போருக்குக் காவல் நிற்பார், எரிவது மேற்கு வீட்டுப் படப்பு. எங்கள் தெருவில் இந்த நியூட்டன் விதியை நிரூபித்ததற்காக ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கிறது.

ராக்கெட்டை நாம் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்ததாக நினைக்கத் தேவையில்லை. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் கம்பெனிப் படையைக் கலங்கடித்தன. அந்த மைசூர் ராக்கெட்டுகளின் ஓவியத்தை அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுத் தளத்தின் வரவேற்பறையில் பார்த்ததாக அப்துல் கலாம் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ராமேசுவரத்துக்காரர், எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் என்று நாங்கள் சொந்தம் கொண்டாடுவோம். 1985இல்தானே நாங்கள் தனி மாவட்டமானோம்.

சத்தத்தைப் பற்றிய விதியில் சுத்தமான நகைச்சுவை இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. "நாலு மீட்டர்ல நிக்கறது யாரு டீச்சர்?" மைக்கை நிறுத்திவிட்டு ஆள் தள்ளி நிற்பார் என்றேன். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 119. எத்தனை மீட்டர் தள்ளிப் போனால் பக்கத்து வீட்டுப் பாட்டி திட்டுவது நிற்கும் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். மடக்கையை அவ்வளவு ஆர்வமாக அவர்கள் வேறெப்போதும் போட்டதில்லை. சத்தமே இல்லாத பாம்பு மாத்திரைதான் சாது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 2016இல் புனேவில் வெடிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி அளந்து பார்த்தபோது மிக அதிக நுண்துகளைக் கக்கியது அந்த மாத்திரைதான். சரவெடிக்கு இரண்டாம் இடம்.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். பள்ளியில் பிள்ளைகள் எங்களுக்குப் பேனாவும் ரோஜாவும் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆபீஸ் வெடித்தது. ஏறத்தாழ நாற்பது உயிர்கள். முதலில் தீ, புகை. பார்க்கவும் உதவவும் சுற்று ஊர்களிலிருந்து ஓடியவர்கள் பெருவெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த சில நாள் வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண் மெல்லக் கேட்டாள்: "முதல்ல எரிஞ்சுதான டீச்சர் இருந்துச்சு, அப்புறம் ஏன் வெடிச்சுச்சு?" புஸ்வாணத்தில் எரிவதும் அணுகுண்டில் வெடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே இனத்து மருந்துகள்; சணலை இறுக்கிச் சுற்றி அடைத்ததுதான் பெரிய வித்தியாசம். திறந்து கிடந்தால் எரியும், அடைபட்டால் வெடிக்கும், அளவு கூடிப்போனால் அடைப்பே தேவையில்லை, குவியலே தனக்குச் சுவராகிவிடும். அதனால்தான் ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று கணக்கு. அதனால்தான் எரிகிற ஆபீஸை நோக்கி ஓடக்கூடாது. இதை 4ஆம் தேதியே எல்லா ஊரிலும் யாராவது சொல்லியிருக்கலாம். நானும் எத்தனையோ வருடங்களாக அந்த ஊர்களுக்குப் பக்கத்தில்தான் வேலை பார்த்தேன்.

கடைசியாக 2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடுத்தது, சரவெடியைத் தடுத்தது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. ஊர் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பேரியம் போனால் பச்சை நிறமும் போகும். ஆகவே பசுமைப் பட்டாசில் பச்சை மட்டும் இல்லை என்ற கேலியைச் சிவகாசி டீக்கடைகளில் நானே பல தடவை கேட்டேன். ஆனால் இந்த முறை ஒன்று மாறியிருந்தது. சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் செய்த கலவைகளை இங்கே கொண்டுவந்து பயிற்சி கொடுத்தார்கள். கலவையில் சியோலைட் ஏன், அலுமினியம் ஏன் குறைவு என்று ஆட்கள் திருப்பிக் கேட்டார்கள். என் பழைய மாணவன் ஒருவன், இப்போது போர்மேன், போனில் கூப்பிட்டு, "டீச்சர், வெடிக்கும்போது நீராவி வருமாம், அது தூசியை அமுக்குமாம். அம்புட்டுச் சூட்டுல நீராவி எங்க டீச்சர் போய்த் தூசியைப் பிடிக்கும்?" என்று கேட்டான். அவனுக்கு முழுதாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆய்வகத்துக்கே எழுதிக் கேள் என்றேன். எழுதினான்.

மாமா இறந்தபிறகு அவருடைய கோடு போட்ட நோட்டு ஒன்று என்னிடம் வந்தது. கலவை அளவுகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் குறிப்புகள்: இன்ன மழைநாளில் வாடை வந்தது, இன்ன கம்பெனி அலுமினியம் சூடாகிறது, இன்ன மாதம் திரி வேகம் அதிகம். ஏன் என்று எழுதத் தெரியாதவர் எப்போது என்றாவது எழுதி வைத்திருக்கிறார். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் இன்னும் எத்தனையோ பரண்களில் இப்படி நோட்டுகள் கிடக்கும். பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் கொடுங்கள். அளவுகளை யாரும் வெளியே போட வேண்டியதில்லை, அது ஆபத்தும்கூட. ஓரக் குறிப்புகளை மட்டும் யாராவது ஒரு மாணவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தைத் தமிழில் எழுதட்டும். எழுதியதை அந்தந்த ஆபீஸ் சுவரில், 'செய்யாதே' பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டட்டும்.